பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை: ஆல்-இன்-ஒன் டிரைவர் போடுவது எப்படி?

அக்கா, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை. பழைய கம்ப்யூட்டர் போய் விண்டோஸ் 11 போட்ட புதியது வந்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த கருப்பு வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன்னை யுஎஸ்பி கேபிளில் மாட்டியதும் பிரிண்டர் தானாகச் சேர்ந்துகொண்டது, பிரிண்டும் நன்றாக வருகிறது. ஸ்கேன் கொடுத்தால் மட்டும் ஸ்கேனரே இல்லை என்கிறது. பார்க்க வந்தவர் ஸ்கேனர் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கூடவே புதிதாக வாங்கிய வைஃபை இங்க் டேங்க் மிஷின் ஒன்று. அதில் ஸ்கேன் வருகிறது, ஆனால் கரண்ட் போய்விட்டு வந்தால் கம்ப்யூட்டரில் காணாமல் போகிறது.

போர்டை இப்போதைக்கு மாற்றாதீர்கள். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், கண்ணாடி மேல் ஒரு ஆதார் கார்டை வைத்து, மிஷினில் இருக்கும் காப்பி பட்டனை அழுத்துங்கள். காப்பி சுத்தமாக வந்தால் உள்ளே இருக்கும் லைட், சென்சார், அதை இழுக்கும் பெல்ட், போர்டு எல்லாமே வேலை செய்கின்றன. காப்பி என்பது மிஷின் தானே ஸ்கேன் செய்து தானே பிரிண்ட் எடுப்பதுதான். கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் வருகிறது என்பதால் கேபிளும் யுஎஸ்பி வாயும்கூட சரி. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டருக்குள் ஸ்கேனர் டிரைவர், அதாவது ஸ்கேனரோடு பேச விண்டோஸுக்குச் சொல்லித்தரும் மென்பொருள், இல்லை.

பிரிண்டர் தானாக வந்ததே, ஸ்கேனர் ஏன் வரவில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆல்-இன்-ஒன் என்பது ஒரே வாசலில் இரண்டு குடித்தனம் இருக்கும் வீடு மாதிரி. கேபிள் ஒன்றுதான், ஆனால் விண்டோஸ் அதைத் திறந்து பார்க்கும்போது பிரிண்டர் தனி, ஸ்கேனர் தனி என்று இரண்டு கருவிகளைப் பார்க்கிறது. யுஎஸ்பி விதிகளில் பிரிண்டருக்கு என்று ஒரு பொதுவான வகை உண்டு, அதனால் எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் அது பிரிண்டர் என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும், பொருத்தமான டிரைவரையும் பெரும்பாலும் தேடி எடுத்துக்கொள்ளும். பழைய ஆல்-இன்-ஒன்களின் ஸ்கேனர் பாதி அப்படியில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த பாஷையில் பேச வைத்திருக்கிறது. கம்பெனியின் டிரைவர் வந்தால்தான் அது யாரென்றே விண்டோஸுக்குத் தெரியும். 'தானாக வந்துவிட்டது' என்று நாம் சந்தோஷப்படுவது பல நேரங்களில் பாதிச் சந்தோஷம்தான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'இமேஜிங் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் மிஷின் பெயர் இருக்க வேண்டும். அங்கே இல்லாமல் 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பில் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால், ஸ்கேனர் வாசல் வரை வந்துவிட்டது, டிரைவர்தான் இல்லை. இரண்டு இடத்திலும் இல்லாமல், பிரிண்டும் வராமல் போனால்தான் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும்.

கேபிளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க் கடற்கரை உப்புக் காற்று அப்படி. தேவனாம்பட்டினம் பக்கமும் முதுநகர் பக்கமும் இருக்கும் கடைகளில் யுஎஸ்பி முனை பச்சை பூத்துப்போய் இருப்பது சர்வ சாதாரணம். பிரிண்டர் கேபிள் மலிவு, சந்தேகம் வந்தால் புதியது போட்டுவிடுங்கள். 5 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், ஹப் வேண்டாம், சிபியுவின் பின்பக்க வாயிலேயே நேராக மாட்டுங்கள். கேனான் லைடு மாதிரி தனி பவர் கார்டு இல்லாத ஸ்கேனர்கள் கரண்டையும் அந்த யுஎஸ்பியிலிருந்தே எடுக்கின்றன. முன்பக்க வாயில் போட்டால் சில கம்ப்யூட்டர்களில் பாதி ஸ்கேனில் நின்றுவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் கேபிளைக் கழற்றுங்கள். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், தானாகச் சேர்ந்த பிரிண்டரை நீக்குங்கள். அதே பக்கத்தில் கீழே 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்று இருக்கும். அதில் டிரைவர்ஸ் டேபில் அந்த மாடலின் டிரைவரையும் பேக்கேஜோடு எடுத்துவிடுங்கள். பிரிண்டரை மட்டும் நீக்கி இதை விட்டுவிட்டால், மறுபடி மாட்டும்போது அதே அரைகுறை டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட்.

அடுத்தது எதை இறக்குவது என்பது. ஒரே மாடலுக்குக் கம்பெனி தளத்தில் நாலைந்து ஃபைல் இருக்கும். 'பேசிக்' அல்லது 'பிரிண்ட் டிரைவர்' என்று பெயர் போட்டது சின்னதாக இருக்கிறதே என்று அதை எடுத்தால் மறுபடி பிரிண்ட் மட்டும்தான் வரும். ஹெச்பியில் 'ஃபுல் ஃபீச்சர்' என்று இருக்கிறதா பாருங்கள். பிரதரில் 'ஃபுல் டிரைவர் அண்ட் சாஃப்ட்வேர் பேக்கேஜ்', எப்சனில் 'டிரைவர்ஸ் அண்ட் யூட்டிலிட்டீஸ் காம்போ பேக்கேஜ்'. கேனானின் எம்எஃப் வரிசையில் 'எம்எஃப் டிரைவர்ஸ்' என்ற பேக்கேஜில் 'ஸ்கேன்கியர்' என்ற ஸ்கேனர் டிரைவரும் உள்ளேயே வரும். எதுவாக இருந்தாலும் பெயரில் ஸ்கேன் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு இறக்குங்கள். மிஷினோடு வந்த சிடியைத் தேடி அலைய வேண்டாம். அதில் இருப்பது மிஷின் விற்ற காலத்து டிரைவர், புதுக் கம்ப்யூட்டரில் சிடி போட இடமும் இருக்காது.

கூகுளில் மாடல் பெயரோடு 'டிரைவர் டவுன்லோட்' என்று தேடினால் மேலே வருவதெல்லாம் கம்பெனி தளம் இல்லை. 'டிரைவர் அப்டேட்டர்' என்று ஏதோ ஒன்று இறங்கி, கம்ப்யூட்டரில் 40 கோளாறு இருக்கிறது, பணம் கட்டு என்று கேட்கும். இதைவிட மோசம், கம்பெனி ஹெல்ப்லைன் மாதிரி ஒரு நம்பரைப் போட்டு வைத்திருப்பார்கள். கூப்பிட்டால் எனிடெஸ்க் போடச் சொல்லி, கம்ப்யூட்டரை அவர்கள் கையில் எடுத்துக்கொண்டு, டிரைவருக்குக் காசு கேட்பார்கள். பிரிண்டர் கம்பெனிகள் தங்கள் தளத்தில் டிரைவரை இலவசமாகத்தான் வைத்திருக்கின்றன, அக்கா. காசு கேட்டாலே போனை வைத்துவிடலாம். உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஊரார் ஆதாரும் சாதிச் சான்றிதழும் பாங்கு பாஸ்புக்கும் கிடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபைல் இறங்கியதும் அதில் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கேபிள் இன்னும் கழற்றியபடியே இருக்க வேண்டும். 'இப்போது கேபிளை மாட்டவும்' என்று திரையில் கேட்கும்போதுதான் மாட்ட வேண்டும். பழைய மிஷின்களின் யுஎஸ்பி வாயில் இதற்காகவே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள், நாம் முதல் வேலையாக அதைக் கிழித்துவிட்டு மாட்டுவோம். சாஃப்ட்வேர் முதலில் போனால், கேபிள் மாட்டும்போது விண்டோஸ் கம்பெனி டிரைவரை எடுத்து இரண்டு பாதிக்கும் கொடுக்கும். கேபிள் முதலில் போனால் தன்னிடம் இருப்பதை எடுத்து ஒரு பாதிக்கு மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவரே தளத்தில் இல்லை என்றால்? விண்டோஸ் 10க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11இலும் ஓடும் (விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு ரகம் இருந்தன). அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் 7 அல்லது 8இன் 64 பிட் டிரைவரை முயற்சி செய்யலாம். இன்ஸ்டாலர் 'இந்த விண்டோஸில் ஓடாது' என்று அடம்பிடித்தால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபில் விண்டோஸ் 7 என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் செவன்-ஜிப்பில் அந்த ஃபைலைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். கேபிளை மாட்டி, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தின் மேல் ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள், 'சப்ஃபோல்டர்ஸ்' டிக் இருக்கட்டும். உள்ளே பொருத்தமான டிரைவர் இருந்தால் இன்ஸ்டாலர் இல்லாமலே ஸ்கேனர் ஏறிவிடும். என் அனுபவத்தில் 'போர்டு போச்சு' என்று வந்த பழைய லேசர் ஆல்-இன்-ஒன்களில் பல இந்த ஒரு வழியிலேயே உயிர் பெற்றிருக்கின்றன.

32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள மாடல் என்றால் இந்த வழிகள் எதுவும் உதவாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலில் ஓடும் டிரைவருக்கு 32 என்றால் 32, 64 என்றால் 64, சமரசம் இல்லை. அந்த நிலையில் வியூஸ்கேன் என்ற மென்பொருள் கைகொடுக்கலாம். கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ ஸ்கேனர்களுக்கு அது தானே பேசக் கற்று வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குவது, ஆனால் வாட்டர்மார்க்கோடு இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ஸ்கேனரில் வேலை செய்கிறது என்று தெரிந்தபிறகு வாங்கினால் போதும். இன்னொரு புது ரகக் குழப்பமும் வந்திருக்கிறது: ஸ்னாப்டிராகன் பிராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள். அவற்றில் இன்டெல், ஏஎம்டிக்காக எழுதிய டிரைவர் ஏறாது, ஆர்ம் என்ற அந்த வகைப் பிராசஸருக்கான டிரைவர் தனியாக வேண்டும். கடைக்கு லேப்டாப் வாங்குவதாக இருந்தால் விலையைப் பார்ப்பதற்கு முன் பிராசஸரைப் பாருங்கள்.

சரி, டிரைவர் ஏறிவிட்டது, இமேஜிங் டிவைசஸில் பெயரும் தெரிகிறது, ஆனாலும் ஃபோட்டோஷாப்பில் ஸ்கேனர் இல்லை என்றால் கதை வேறு. ஸ்கேனரோடு மென்பொருள் பேச விண்டோஸில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ட்வெய்ன், 1992இல் வந்தது. இன்னொன்று டபிள்யூஐஏ, மைக்ரோசாஃப்ட் 2000இல் விண்டோஸ் மீயோடு கொண்டுவந்தது. பழைய ஸ்கேனர்களின் ட்வெய்ன் டிரைவர் பெரும்பாலும் 32 பிட். இப்போதைய ஃபோட்டோஷாப் 64 பிட், அதனால் அந்த டிரைவரை அது ஏற்றிக்கொள்ள முடியாது. ஸ்கேனர் பழுதில்லை, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இம்போர்ட் மெனுவில் டபிள்யூஐஏ இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் வேறு மென்பொருளில் ஸ்கேன் செய்து ஃபைலை ஃபோட்டோஷாப்பில் திறங்கள்.

எந்த மென்பொருளிலும் வரவில்லை என்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்', அதாவது அந்த டபிள்யூஐஏ, ஓடுகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் சில மென்பொருட்கள் இதை நிறுத்தி வைத்துவிடும். ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிட்டால் போதும்.

கடை வேலைக்கு நான் சொல்வது நாப்ஸ்2 என்ற ஸ்கேன் மென்பொருள். இலவசம், விளம்பரம் இல்லை, ட்வெய்னும் டபிள்யூஐஏவும் இரண்டும் தெரியும். ஒரு முறை புரொஃபைல் அமைத்து வைத்தால் பட்டனை அழுத்திக்கொண்டே போகலாம், பல பக்கம் ஒரே பிடிஎஃப் ஆகும். அதில் ஓசிஆர், அதாவது ஸ்கேன் படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் வசதியும் உண்டு, தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். மஞ்சக்குப்பம் கோர்ட்டு வக்கீல்கள் இ-ஃபைலிங்குக்கு ஸ்கேன் செய்ய வந்தால், உள்ளே தேடக்கூடிய பிடிஎஃப் கொடுத்தீர்கள் என்றால் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்கள்.

டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற விஷயத்தில் எல்லோரும் தாராளமாக இருக்கிறார்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் கலரில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி, சுருக்காமல் சுமார் 26 எம்பி. அதையே 600 ஆக்கினால் நான்கு மடங்கு, நூறு எம்பியைத் தாண்டும். ஸ்கேனும் ஆமை வேகம் ஆகும், சில பழைய டிரைவர்கள் அதிலேயே தொங்கிவிடும். சான்றிதழுக்கு 200 கிரேஸ்கேல் தாராளம். ஓசிஆர் வேண்டுமென்றால் 300. போட்டோவுக்கு மட்டும் 600.

கடையில் இரண்டாவது கம்ப்யூட்டரும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிரிண்டரை ஷேர் செய்தால் அதிலிருந்து பிரிண்ட் போகும், ஸ்கேன் வராது. இங்கேயும் அதே இரண்டு குடித்தனக் கதைதான்: விண்டோஸ் ஷேரிங்கில் பிரிண்டர் பாதி மட்டும்தான் போகும், யுஎஸ்பி ஸ்கேனரைப் பகிர அதில் வழியில்லை. நாப்ஸ்2இல் ஸ்கேனர் ஷேரிங் என்று ஒரு வசதி இருக்கிறது, இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள். அது சரிவரவில்லை என்றால் முதல் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஆகும் ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். 2021இல் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற விண்டோஸ் பாகத்தில் கண்டுபிடித்த பெரிய பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்த பிறகு, ஷேர் செய்த பிரிண்டரைச் சேர்க்கும்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்பது வழக்கமாகிவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அதைத் தளர்த்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி அந்த வைஃபை மிஷின். கரண்ட் போய் வந்தால் ரவுட்டரும் மிஷினும் இரண்டும் புதிதாக எழுந்திருக்கின்றன. ரவுட்டர் மிஷினுக்கு வேறு ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க் முகவரியை, கொடுத்துவிடலாம், கம்ப்யூட்டரோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். போனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராததற்குக் காரணம், அது ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கில் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கிறது. நிரந்தர வழி ரவுட்டரில்தான் இருக்கிறது. அதன் செட்டிங்கில் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் மிஷினின் மேக் எண்ணுக்கு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். பிறகு கம்பெனி சாஃப்ட்வேரில் ஸ்கேனரை அந்த ஐபி எண்ணைக் கொடுத்தே சேருங்கள். எப்சனின் எப்சன் ஸ்கேன் 2இல் இதற்கென்றே ஒரு சிறிய யூட்டிலிட்டி கூட வரும்.

இரண்டு விஷயம் கூடவே பாருங்கள். விண்டோஸில் உங்கள் வைஃபை 'பப்ளிக் நெட்வொர்க்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள், பப்ளிக்கில் இருக்கும்போது மற்ற கருவிகளைத் தேடுவதை விண்டோஸ் தடுக்கும். அடுத்து, வீட்டு உபயோக இங்க் டேங்க் மிஷின்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகின்றன. மிஷின் வைஃபையையே பிடிக்காமல் போனால் ரவுட்டரில் 2.4க்கும் 5க்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள். கரண்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன்: ரவுட்டரையும் இங்க் டேங்கையும் யுபிஎஸ்ஸில் போடலாம், லேசரைப் போடாதீர்கள். பொடியைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் அதன் ஃப்யூசர் சூடேறும்போது இழுக்கும் கரண்டுக்குச் சின்ன யுபிஎஸ் தாங்காது, கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும்.

இந்தப் புது மிஷினுக்கு நாளைக்குக் கம்பெனி டிரைவர் கிடைக்காமல் போனாலும் பெரிய கவலை இல்லை. சமீப காலத்து வைஃபை ஆல்-இன்-ஒன்கள் பெரும்பாலும் ஈஎஸ்சிஎல் என்ற பொது ஸ்கேன் முறையைப் பேசுகின்றன, விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அது தெரியும். கவலை பழைய லேசருக்குத்தான். பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. கம்பெனி தளத்திலிருந்து நாமே இறக்கிப் போட அதில் தடையில்லை. ஆனால் பழைய மாடல்களின் பக்கத்தைக் கம்பெனிகள் என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இப்போது இறக்கிய ஃபைலையும், பிரித்து வைத்த ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் காப்பி போட்டு கல்லாப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு ஒரு வரி: பிரெஞ்சுக்காரர் காலத்துத் தாளைத் தப்பித்தவறியும் மேலே இருக்கும் ஃபீடரில் விடாதீர்கள். மடிப்பில் பிய்ந்துவிடும். கண்ணாடியில் வைத்து, மூடியை அழுத்தாமல் எடுங்கள்.

இவ்வளவும் செய்து லேசரில் ஸ்கேன் வரவில்லை என்றால், உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே பூட் செய்து, அதில் இருக்கும் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' என்ற ஆப்பைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் சேன் என்ற ஸ்கேனர் டிரைவர்களின் பொதுத் தொகுப்பு பல பழைய ஸ்கேனர்களை இன்னும் ஆதரிக்கிறது. அங்கே ஸ்கேன் வந்தால் மிஷின் மேல் தப்பில்லை என்பது உறுதி. வராவிட்டாலும் மிஷின் போச்சு என்று சொல்ல முடியாது, சில மாடல்களுக்கு அதிலும் தனி டிரைவர் வேண்டும். அப்போது டிவைஸ் மேனேஜர் திரையையும் மிஷின் பின்னால் இருக்கும் மாடல் நம்பரையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், சீரியல் நம்பரை மட்டும் மறைத்துவிடுங்கள். எந்த டிரைவர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.